குழந்தைசாமி முள்கரண்டி ஏந்திய படலம்

தகரக் கூரையின்கீழ் இருபத்திரண்டு பாலைக் கோடைகளைப் புறங்கண்டவரும், தோஹா நகரத்துச் சரக்குக் கிடங்கின் சாவிக்கொத்தை இடுப்பிலே உடைவாளெனத் தரித்திருந்தவரும், அறுபத்தோராம் அகவையில் இலுப்பூர் மீண்டு, கடைத்தெருவில் இரண்டே கடைகளின் வாடகையைத் திறையாகக் கொண்டு அரசாள்பவருமாகிய குழந்தைசாமி வாழ்க! அவர் வலக்கையில் விளங்கிய எவர்சில்வர் கரண்டி வாழ்க! இடக்கையில் மின்னிய நாற்கூர் முள்கரண்டியும் வாழ்க! ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில், காதுகுத்து நடந்த மண்டபத்தின் இரண்டாம் பந்தியில், மின்விசிறியின் அருள் எட்டாத மூலையில் அவர் ஆற்றிய அரும்போரைச் சொல்லப் புகுகின்றோம். சோற்றுக்குரிய தெய்வம் எதுவோ அது நமக்குத் துணை நிற்பதாக.

போருக்குக் காரணம் ஒரு தீவு.

தோஹாவில் குழந்தைசாமிக்கு மேற்கட்டிலில் இருபது ஆண்டுகள் குறட்டை விட்டவர் ரொமுலோ என்னும் பிலிப்பைன்ஸ்காரர். ஓய்வுபெற்று நீக்ரோஸ் தீவின் கடலோரச் சிற்றூருக்குத் திரும்பிய அந்த நண்பர், “இங்கே வந்துவிடு. கடல் பார்த்த இரண்டறை வீடு, வாசலில் தென்னை, சந்தையில் துடிக்கும் மீன். உன் கடை வாடகைக்கு ராஜாவாக வாழ முடியாது. ராஜாவின் சமையற்காரனாக வாழலாம், வயிறு நிறையும்” என்று கைப்பேசி வழியே ஓலை விடுத்தார். அன்றே குழந்தைசாமி அந்நாட்டு ஒழுக்கங்களை ஒவ்வொன்றாக மேற்கொள்ளத் தொடங்கினார். திசை காட்டும் சுட்டுவிரலை உறையிட்ட வாளென மடக்கிக்கொண்டு, அவர்களைப் போல உதடு குவித்துத் திசை காட்டினார். ஆம் என்பதற்கு வாய் திறவாது புருவம் உயர்த்தினார்; டீக்கடையில் சீனி போடவா என்ற வினாவுக்கு அவ்வாறே விடையிறுத்துச் சீனியில்லாத டீ குடித்த நாள்கள் பல. மூத்தோர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது அந்நாட்டு வணக்கமாதலின், இலுப்பூர்ப் பேருந்து நிலையத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவரின் கையைத் திடீரெனப் பற்ற, அவர் தம் மோதிரத்தைக் காத்துக்கொண்டு விலகியதையும் ஊர் கண்டது.

இத்தனைக்கும் பின் வெல்லப்படாது நின்ற கோட்டை ஒன்றே. அது அவர் மனைவி கண்ணாத்தாள்.

காணொளியில் ரொமுலோவின் குடும்பம் கரண்டியும் முள்கரண்டியுமாகச் சோறு உண்பதைக் கண்ட கணத்தில் அவ்வம்மை தன் ஆணையைப் பிறப்பித்தாள்:

“கையால பெசஞ்சு திங்காத சோறு தொண்டையில எறங்குமாங்க? அந்த ஊருக்கு என்னையக் கூப்பிடுறீகளே, மொதல்ல நீங்க தின்னு காட்டுங்க. வீட்டுக்குள்ள இல்ல, எந்தம்பி வீட்டுக் காதுகுத்துல, நாலு பேரு பாக்க. சோத்துல ஒங்க கை படக் கூடாது. எலையில ஒண்ணும் மிஞ்சக் கூடாது. தின்னுட்டா வாரேன். இல்லாட்டி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

அறிவிலார் இதை விளையாட்டென்பர். இருபத்திரண்டு ஆண்டுகள் மனைவியைத் தொலைபேசிக் குரலாகவே அறிந்தவர் குழந்தைசாமி. ஊர் மீண்ட பின்னரும், பங்காளிகளும் பஞ்சாயத்துகளும் விசேஷ வீடுகளும் பங்கிட்டுக்கொண்டது போக எஞ்சிய நேரத்திலேயே அவளைக் கண்டவர். உறவினர் எவரும் பஸ் ஏறி வந்துவிட முடியாத ஓர் ஊரில் அவளோடு தனியே அமர்ந்து ஒரு குவளை டீ குடிக்க வேண்டும் என்பதே அவர் நெஞ்சில் வளர்த்த பேரரசு. ஆகவே மூன்று திங்கள் தம் கொல்லைப்புறத்தில், காகங்களன்றிப் பிறர் காணாவண்ணம், தட்டும் சோறுமாகப் படைப்பயிற்சி செய்தார்.

நாள் வந்தது. வாழையிலை விரிந்தது, நீர் தெளிக்கப்பட்டது. சட்டைப்பையில் வெள்ளைக் கைக்குட்டைக்குள் பொதிந்திருந்த இரு படைக்கலங்களையும் அவர் உருவியபோது, குழல்விளக்கொளியில் அவை பளிச்சிட, எதிர்வரிசையில் வாய்நோக்கிச் சென்றுகொண்டிருந்த கவளங்கள் பாதி வழியில் நின்றன. அதே மேசையின் மறுபுறம், நேர் எதிரே, நடுவராகவும் பரிசாகவும் ஒருங்கே வீற்றிருந்தாள் கண்ணாத்தாள். விருந்தின் தலைவனும் அவள் தம்பியுமாகிய நல்லதம்பி, கறிவாளி ஏந்திய கையோடு வந்து நின்றான்.

“என்ன மச்சான், ஆப்பரேசனா? மயக்க ஊசி போட்டாச்சா?”

சோறு மலையெனக் குவிந்தது. அதன் உச்சியிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு செவ்வருவியெனப் பாய்ந்தது. இடக்கை முள்கரண்டி பகைப்படையை வளைத்துத் தள்ள, வலக்கைக் கரண்டி அதை வாரி எடுத்து மேலெழ, முதற்கவளம் ஒரு பருக்கையும் சிந்தாமல் வாய்க்கோட்டைக்குள் புகுந்தது. இரண்டாவது புகுந்தது. மூன்றாவதும் புகுந்தது. பந்தியில் வியப்பொலி எழுந்தது.

அந்தோ, ரொமுலோவின் நாட்டில் சோற்றுக்கு அடியில் இருப்பது பீங்கான். இலுப்பூரில் இருப்பது வாழை. கொல்லைப்புறத்தில் தட்டோடு பொருதவர் இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நான்காம் பாய்ச்சலில் நாற்கூரும் இலையை ஊடுருவி, மேசைமேல் விரித்த காகிதத்தையும் ஊடுருவ, அந்நான்கு துளைகள் வழியே கசிந்த குழம்பு, மேசை விளிம்பைக் கடந்து, கொதிப்பு ஆறாமல் அவர் தொடைமீது இறங்கியது. கண்கள் கலங்கின. கரண்டி கலங்கவில்லை. பிறகு அவித்த முட்டையின்மேல் அவர் முள்கரண்டியை ஓங்க, வழவழத்த அவ்வுருண்டை துள்ளிப் பக்கத்து இலையில் அடைக்கலம் புகுந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்திருந்த சம்பந்தி, தமக்கு வைத்த இரண்டாம் முட்டை இதுவெனக் கருதி, தலை நிமிராமலேயே அதை உண்டு முடித்தார். ஒரு பகைவன் குறைந்தான்.

அடுத்து வந்தது ரசம். குழந்தைசாமி சோற்றால் கண்மாய்க்கரை போல ஒரு கரை எழுப்பினார், மிகைநீர் வழியக் கலிங்கும் வைத்தார், மடைக்கு மடை நின்று கரண்டியால் இறைத்து உண்டார். கரை ஒருமுறை உடைந்தது. தெறித்த ரசம் சட்டையின் நடுவே படர, அந்தக் கறை மார்பில் பட்ட விழுப்புண்ணாயிற்று. முதுகில் ஒரு துளியும் இல்லை என்பதைச் சான்றோர் குறித்துக்கொள்க.

அதற்குள் அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க வந்தோர் நாற்காலிகளின் பின்னே அணிவகுத்துவிட்டனர். குழந்தைசாமியின் நாற்காலி முதுகைப் பற்றி நின்ற பரிமளா என்னும் உறவுக்காரப் பெண் திருவாய் மலர்ந்தாள்:

“நிதானமா சாப்புடுங்கண்ணே. எங்களுக்கு ராப்பட்டினி கெடந்து பழக்கந்தான்.”

பக்கத்து இலைகள் மூடப்பட்டன. மேசைக் காகிதத்தை எச்சில் இலைகளோடு சேர்த்துச் சுருட்டும் பணியாளர், வரிசையின் மறுகோடியிலிருந்து, ஊழிக்கால அலையென உருட்டிக்கொண்டு வரத் தொடங்கினர். ஆயினும் வீரரின் இலையில் எஞ்சியவை ஏழே பருக்கைகள். அவற்றையும் ஒவ்வொன்றாக முள்கரண்டியால் கரண்டிக்குள் ஓட்டி விழுங்கிவிட்டு, வெற்றிப் பெருமூச்சுக்காக அவர் மார்பை விரித்த அந்நேரத்தில், நல்லதம்பியின் வாளி மீண்டும் வந்தது. அதிலிருந்து இலை நடுவே தொப்பென விழுந்தது, நான்கு விரல் நீளமுள்ள நல்லி எலும்பு ஒன்று. அதன் குழலுக்குள் கொழுத்த மஜ்ஜை ஒளிந்திருந்தது.

“எலும்ப மட்டும் வச்சிரலாம் மச்சான். உள்ள இருக்கறத வைக்கக் கூடாது” என்றான். பிறகு குரல் தாழ்த்தி, “ஒரு நல்லது கெட்டதுன்னா எங்கக்கா நடந்து வந்துரணும். அந்தத் தூரத்துலதான் இருக்கணும்” என்றான்.

கைவிட்டு எடுத்து உறிஞ்சினால் ஒரு நொடிப் பணி. கைபடாமல் அதை வென்றவர் மூவுலகிலும் இல்லை. முள்கரண்டி எலும்பின் வாயினும் அகன்றிருந்தது. கரண்டியைத் திருப்பிக் காம்பை நுழைத்தார். அது முகப்பிலேயே நின்றது. எலும்பை ஒருக்களித்து நிறுத்தி முள்கரண்டியால் முதுகில் அறைந்தார்; அது சுழன்றது, உருண்டது, இலையின் எல்லைவரை ஓடித் தயங்கி நின்றது. காகிதச் சுருள் ஐந்து இலை தொலைவில் வந்தது. மூன்று இலை தொலைவில் வந்தது. வியர்வை அவர் மூக்கு நுனியில் முத்தாகித் தொங்கியது. ஒரு குவளை டீயும் தென்னையும் கடலும் தொலைவில் மங்கலாகத் தெரிந்து, மெல்ல மறையத் தொடங்கின. வலக்கை கரண்டியைக் கீழே வைத்தது. பெருவிரலும் சுட்டுவிரலும், ஒரு நாட்டையே காட்டிக்கொடுக்கும் இரு துரோகிகளென, எலும்பை நோக்கி நகர்ந்தன.

அப்போது, எதிர்ப்புறத்திலிருந்து வளையல்கள் குலுங்க ஒரு கை நீண்டது. கண்ணாத்தாளின் கை. எலும்பைப் பற்றியது, இலையின் ஓரத்தில் நச்சென்று இரண்டு தட்டுத் தட்டியது. மஜ்ஜை முழுதாக வழுக்கி வந்து விழுந்தது.

“கரண்டிய எடுங்க” என்றாள்.

எடுத்தார். அள்ளினார். விழுங்கினார். இலை வெறுமையாயிற்று.

“அக்கா! இது கள்ளாட்டம்!” என்று வாளி அதிர முழங்கினான் நல்லதம்பி.

“அவுக கை படக் கூடாதுன்னுதான்டா சொன்னேன். என் கை படக் கூடாதுன்னு சொன்னேனா?”

“நீ போயிருவியாக்கா?”

கண்ணாத்தாள் கணவரின் தொடையையும் மார்பையும் ஒருமுறை பார்த்தாள். “வேட்டி போச்சு” என்றபடி எழுந்தாள்.

வாகை சூடினார் குழந்தைசாமி! எட்டுத் திசையும் முழங்குக! ஏழு கடலும் வழிவிடுக! இடம் கிடைத்த பரிமளா மலர்மாரி பொழிந்திலள், உட்கார்ந்தாள். எனினும் வானோர் பொழிந்திருப்பர். காகிதச் சுருள் அவர் இலையையும் வாரி உருட்டிக்கொண்டு செல்ல, இரு படைக்கலங்களையும் உயர்த்திப் பிடித்தபடி, புண்பட்ட மார்பும் கறைபட்ட வேட்டியுமாக, புதிதாய்ப் பிறந்த கண்டமொன்றின் மன்னனைப் போல் அவர் தம் தேவியின் பின்னே நடந்தார்.

கை கழுவுமிடத்தில் கண்ணாத்தாள், “அங்கிட்டு புழுங்கரிசி கெடைக்குமாங்க?” என்று கேட்டாள்.