பாரிஸில் இருபது நிமிடம்

ஐரோப்பாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. சேலையூரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை திரட்டினால் ஒரு மாநாடே நடத்தலாம். கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டலில் இட்லி ஆவி பறக்க வந்தால் எல்லோரும் இட்லியைப் பார்ப்பார்கள்; இவர் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்ப்பார். பார்த்தபடியே, "ரோம்ல ஒரு சின்ன ரெஸ்டாரண்ட்..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். உங்கள் இட்லி ஆறிவிட்டது.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் சுந்தரராமன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன்பு மனைவி பட்டுவோடு ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து, பன்னிரண்டு நாளில் ஏழு நாடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு முந்தைய அறுபது வருடமும் அவர் எங்கேயோ சாப்பிட்டிருக்கத்தான் வேண்டும். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இந்த இனத்தின் விசேஷம் என்ன தெரியுமா? இங்கே எதற்குச் சண்டை போடுவார்களோ அதற்கே அங்கே கைகூப்புவார்கள். இங்கே சர்வர் நாலு நிமிடம் தாமதித்தால் முதலாளியைக் கூப்பிடுவார்கள், அங்கே நாற்பது நிமிடம் திரும்பிப் பார்க்காவிட்டால் அது நிதானம். இங்கே வடை சிறுத்தால் ஏமாற்று, அங்கே தாம்பாளம் மாதிரித் தட்டில் நாலு இலையும் ஓர் உருளைக்கிழங்கும் வந்தால் அது கலை. இங்கே டம்ளரில் தண்ணீர் குறைந்தால் முணுமுணுப்பு, அங்கே அந்தத் தண்ணீருக்கே பில் போட்டால் அது ஒழுங்கு. சர்வர் சிரிக்கவில்லையா? இங்கே திமிர். அங்கே தன்மானம்.

சரி, அவர் அங்கே எத்தனை உணவகங்களில்தான் சாப்பிட்டார்? அவரிடம் கேட்டால் பொழுது போய்விடும். நான் பட்டு மாமியிடம் கேட்டேன்.

"எங்கடா சாப்பிட்டோம்? மத்தியானம் இண்டியன் ரெஸ்டாரண்ட் வாசல்ல பஸ்ஸை நிறுத்துவான். ராத்திரி ரூம்ல கெட்டில்ல வெந்நீர் போட்டு, கொண்டுபோன உப்புமா மிக்ஸ். பாரிஸ்ல எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்னு ஆச்சு. ஒரு காபிக் கடைக்காரன், ஏதாவது வாங்கினாத்தான் உள்ள விடுவேன்னான். இவர் ஒரு காபி சொன்னார். நான் திரும்பி வரச்சே மூஞ்சியைச் சுளிச்சுண்டு உக்காந்திருந்தார். மொத்தம் இருபது நிமிஷம். அதைத்தான் மூணு வருஷமா சொல்லிண்டிருக்கார்."

"அப்ப ரோம் ரெஸ்டாரண்ட்?"

"வாசல்ல ஒட்டியிருந்த மெனுவைப் படிச்சார்."

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் இதில் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் தயாளன் நம்பிவிட்டார்.

தயாளனின் அப்பா முனிரத்தினம் பயிர் வைத்த நிலம்தான் இப்போது எங்கள் தெரு. நிலம் போன பிறகு தயாளன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போன வருடம் அதை விட்டுவிட்டு, மனைவி கீதாவோடு கேம்ப் ரோட்டில் டிபன் கடை போட்டார். கீதாவின் கெட்டிச் சட்னிக்காகவே வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தத் தோசைக்கல்லில்தான் வெந்துகொண்டிருந்தது.

அங்கேதான் சுந்தரராமன் தினமும் போய் உட்கார்ந்தார். "தயாளா, நின்னுண்டு சாப்பிடறதெல்லாம் டீசன்ட் கிடையாது. பாரிஸ்ல சேரை ரோட்டைப் பாத்துப் போட்டிருப்பான். ஜக்ல தண்ணி கிடையாது, பாட்டில்தான். ரெண்டாவது தடவை எது கேட்டாலும் தனி பில். அதான் ஸ்டாண்டர்ட். அப்படிச் செஞ்சா நீ எங்கயோ போயிடுவே."

தயாளன் எல்லாவற்றையும் செய்தார். நின்று சாப்பிடும் மேடையை இடித்தார். நாற்காலிகளைச் சாலையைப் பார்த்துப் போட்டார். தண்ணீர் ஜக்குகள் உள்ளே போயின. 'இரண்டாம் முறை சட்னி, சாம்பாருக்குத் தனிக் கட்டணம்' என்று ஒரு பலகை வந்தது.

என்ன ஆகும்? கேம்ப் ரோட்டில் பஸ்ஸும் மணல் லாரியும் போகிற வேகத்தில் பறந்து வந்து விழுந்த புழுதியில் பொங்கலுக்கு மிளகே தேவைப்படவில்லை. அவசரக்காரர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். வேலை இல்லாதவர்கள் மட்டும் உட்கார்ந்து, ஒரு காபிக்கு மொத்தப் பேப்பரையும் படித்தார்கள். அந்த அளவுக்குக் கடை பாரிஸ் ஆகிவிட்டது.

"அரைச்ச மாவு பாதி அப்படியே கீது," என்றார் கீதா. "இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா கடைய மூடிடலாம். கம்பெனில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேட்டுகினு வா."

தயாளன் போய்க் கேட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் பட்டு மாமியோடு டிபனுக்கு வந்தார். பொங்கல் பாதியில் இருக்கும்போதே சட்னி தீர்ந்துவிட்டது. தலை நிமிராமல் கிண்ணத்தை நீட்டினார். தயாளன் ஊற்றினார். இன்னொரு முறை நீட்டினார். தயாளன் ஊற்றினார். பிறகு பில் வந்தது. அதுவரை அவருக்கு மட்டும் சட்னிக்குக் காசு போட்டதில்லை.

"இது என்ன, எக்ஸ்ட்ரா இருபது ரூபா?"

"சட்னி சார். ரெண்டு தபா வாங்கினீங்க."

"சட்னிக்குக் காசா? சேலையூர்ல எந்தக் கடையில சட்னிக்குக் காசு வாங்கறான்?"

"நீங்கதான சார் சொன்னீங்க, அங்க அப்படித்தான்னு."

"அது யூரோப், தயாளா. அங்க குடுக்கலாம். இங்க அப்படி என்ன இருக்கு?"

உள்ளேயிருந்து கீதா கரண்டியோடு வெளியே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இங்க இன்னா கீதுன்னா கேக்குறீங்க? நாலு மணிக்கு எழுந்து தேங்கா துருவுன கை கீது சார். கிண்ணத்த வழிச்சு வழிச்சு சாப்ட்டீங்களே, அந்தச் சட்னி கீது. இத்த துன்னுகினே அந்த ஊர் கதைய சொன்னீங்க. இந்த மனுசனும் கேட்டுகினு ஆடுனாரு. இப்ப நாங்க இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

சுந்தரராமன் சாலையைப் பார்த்தார். நாற்காலி அதற்கு வசதியாகத்தான் போடப்பட்டிருந்தது. பட்டு மாமி தன் கிண்ணத்தை நகர்த்தினார்.

"எனக்கு இன்னொரு கரண்டி போடும்மா. நான் காசு குடுத்தே சாப்பிடறேன்."

மறுநாள் கீதா பலகையைக் கழற்றினார். நாற்காலிகள் உள்பக்கம் திரும்பின. மேடையைத் திரும்பக் கட்டினார்கள். போனவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேருக்கு அடுத்த கடை பழகிவிட்டது. குறைகிற வருமானத்துக்கு ஈடாக, தயாளன் மதியத்தில் படப்பையில் ஒரு கேன்டீனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். கடை தப்பியது என்று சொல்லலாம். தழும்பு இருக்கிறது. சுந்தரராமனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. இந்த இனத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இப்போது அடுத்த கடையில் உட்கார்ந்து, அங்கே வடை போடுகிறவரிடம் வியன்னாவின் கேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, 'எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே' என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். மதுரைக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? கோயம்புத்தூருக்கு? போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் சமைத்துத் தட்டில் வைத்ததை மென்றுகொண்டே, "மதுரையில ஒரு கடையில சாம்பார் வைப்பான் பாரு..." என்று ஆரம்பித்தீர்களா இல்லையா? சமையலறையிலிருந்து பதில் வராததால் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பீர்கள். விழுந்தது. இன்றைக்குச் சாம்பாரில் ஏதோ புதிய ருசி தெரிகிறதே, கவனித்தீர்களா? உங்களை நம்பி மாற்றியிருக்கிறார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.