தகட்டில் சந்தனம்

"இலை விழேல்லையே, ரீச்சர்!"

தயாளினி விளக்கை அணைத்து மறுபடி போட்டாள். துத்தநாகத் தகட்டில் ஊதாக்கடந்த ஒளி பட்டதும் இலத்திரன்கள் பாய்ந்தோட வேண்டும்; மின்காட்டியின் பொன்னிலை சாய வேண்டும். அதுவோ கோபித்துக்கொண்ட சம்பந்தி போல விறைத்து நின்றது. பின்வரிசை வாங்கில் மதிப்பீட்டாளர் மயில்வாகனம். அவர் தலையாட்டினால்தான் அவளுடைய நியமனம் நிரந்தரமாகும்.

குனிந்து பார்த்தவள் அதிர்ந்துபோனாள். நேற்று வாணி விழாப் பூசை முடிந்த பிறகுதான் தகட்டை மண்கடதாசியால் பளபளவென்று உரஞ்சி வைத்தாள். இப்போது அது முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம் வேறு.

"வற்றாப்பளை அம்மாளே!"

கைக்குட்டையால் துடைத்தாள். சந்தனம் இன்னும் வடிவாகப் பரவியது.

"தண்ணி விடுங்கோ, ரீச்சர்" என்றான் கிருசாந்தன். விட்டாள். சேறானது.

"எங்கட அம்மா தேங்காயெண்ணெயாலதான் துடைக்கிறவா" என்று ஜெயரூபி போத்தலை நீட்டினாள். தகடு கண்ணாடியாக மின்னியது. இலை இம்மியும் அசையவில்லை.

"இப்ப எண்ணெய் இலத்திரனை மறிக்குது" என்றாள் தயாளினி, அழாக்குறையாக.

"ஆர் ரீச்சர் இதைப் பூசினது?"

மதிப்பீட்டாளருக்குக் கேட்கட்டும் என்றே தயாளினி குரலை உயர்த்தினாள். "ஆரோ மூளை கழண்டதுகள்! பௌதிகத்தை மணந்தும் பாத்திருக்காதுகள்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மயில்வாகனம் இருமினார், ஏதோ எழுதினார். வாசலில் ஆய்வுகூட உதவியாளர் நாகேஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். 'அப்ப நீங்கள்தானோ?' என்று தயாளினி முறைத்தாள்.

கடைசியில் மண்கடதாசியையே எடுத்தாள். கை சிவக்கச் சிவக்க உரஞ்சி, மின்னேற்றி, விளக்கைப் போட்டாள். இலை மெல்லச் சாய்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மயில்வாகனம் மட்டும் அவள் முகத்தைப் பாராமலே எழுந்து போனார்.

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று பாய்ந்தாள் தயாளினி.

"நானோ?" நாகேஸ்வரி நெஞ்சில் கை வைத்தாள். "விடிய வந்த உடன மயில்வாகனம் சேர்தான் செருப்பைக் கழட்டிப்போட்டு, 'இது மட்டும் பூசையில விடுபட்டுப்போச்சு, பாவம், அந்தப் பிள்ளையின்ர பாடம் நல்லா நடக்கோணும்' எண்டு கண்ணை மூடிக் கும்பிட்டு, தன்ர கையாலயே பூசினவர்!"