பல்பு எரியாத டப்பா

யாரை வேண்டுமானாலும் நம்பலாம். சர்க்கரையை ஒளித்து வைத்துவிட்டுச் சிரிக்கிற மனைவியை மட்டும் நம்பக் கூடாது.

எனக்குச் சர்க்கரை வியாதி. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். குறையலைன்னா தினமும் ஊசிதான்" என்றார் டாக்டர். டீயில் போட்டுக்கொள்ள மாற்றுச் சர்க்கரைப் பொடி ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சபதம் செய்தேன்.

"செத்தாலும் அந்தப் பொடியை நாக்குல வைக்க மாட்டேன். நாக்கு என்னோடது."

"உடம்பு?"

"அதுவும் என்னோடதுதான்."

"அப்ப ஊசி போடறப்ப என் கையைப் பிடிச்சுக்காதீங்க."

மறுநாள் சமையலறை அலமாரியில் ஐந்து டப்பாக்கள். ஒரே உயரம், ஒரே மூடி, பெயர்ச் சீட்டு கிடையாது. ஐந்திலும் வெள்ளையாக ஏதோ ஒன்று. எதிலோ சர்க்கரை இருக்கிறது, சந்தேகமே இல்லை. டீயைப் போட்டு வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனதும் ஒரு டப்பாவில் விரலை விட்டு நக்கினேன். சலவைச் சோடா! மூன்று நாள் நாக்கு வெந்து கிடந்தது. 'ஆய்வகத்தில் எதையும் ருசி பார்க்காதே' என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டும் வேதியியல் வாத்தியார் நான். எனக்கே இந்தக் கதி.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. உப்பு, சோடா எல்லாம் தண்ணீரில் கரைந்தால் பிளஸ், மைனஸ் என்று அயனிகளாகப் பிரிந்துவிடும், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி. அந்த அயனிகள் மின்சாரத்தைச் சுமந்து போகும். பல்பு எரியும். சர்க்கரை கரையும், ஆனால் பிரியாது. மூலக்கூறு முழுசாகவே நிற்கும். மின்சாரத்துக்கு வழி கிடையாது. ஆக, பல்பு எரியாத டப்பாதான் என் டப்பா!

ஒரு பேட்டரி, ஒரு குட்டி எல்.இ.டி. பல்பு, இரண்டு பென்சில் கரி. குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதையும் நம்ப முடியாது. பள்ளியிலிருந்து காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். கருவியைப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் ஒளித்தேன். அவள் அசரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஐந்து கிண்ணத்தில் கலக்கினேன். ஒன்று, பளிச். இரண்டு, பளிச். மூன்று, மங்கலாக எரிந்தது. ஏதோ சோம்பேறி உப்பு. நான்கு, பளிச். ஐந்து, இருட்டு! இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். டீயில் மூன்று ஸ்பூன். ஆஹா! அசல் சர்க்கரை தெரியாத நாக்கா இது?

தினமும் அவள் டப்பாக்களை இடம் மாற்றினாள். தினமும் நான் கண்டுபிடித்தேன்.

"என்னங்க, வெறும் டீயை இப்படி ரசிச்சுக் குடிக்கிறீங்க?"

"உன் கைமணம்."

"இருபது வருஷமா இல்லாத கைமணமா?"

"ஏன், புகழக் கூடாதா?"

"புகழலாம். பயமா இருக்கு."

அதோடு விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது. ஐந்து நிமிஷத்தில் குளிப்பவள் இருபது நிமிஷம் குளித்தாள். ஒரு நாள் எல்லாக் கிண்ணத்திலும் பல்பு மங்கி, மறுநாள் பளிச்சென்று எரிந்தது. பேட்டரி தானாகத் தேறுமா? பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனால் டீ இனித்தது, விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை. "நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி வேண்டாம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"லேப்ல ஏதோ தில்லுமுல்லு! தினம் மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிச்சவனுக்கு எப்படிடி குறையும்?"

வாய் முந்திக்கொண்டது. அவள் அசையவில்லை.

"மூணா? ஞாயித்துக்கிழமை நாலு."

"அப்ப... பல்பு எரியாத டப்பா?"

"டாக்டர் கொடுத்த பொடி. கையில கொடுத்தா குடிக்க மாட்டீங்க, திருட விட்டா குடிப்பீங்க. அது எரியாதுன்னு, கண்ணாடிக் கூட்டுல ஒளிச்சீங்களே, அந்தப் பல்பை வெச்சு முதல்லயே நானே பார்த்துட்டேன்."

"சர்க்கரை?"

"மங்கலா எரிஞ்சுதே, அது. ஒரு ஸ்பூன் உப்பு கலந்தேன். பாடத்தை வீடு முழுக்கக் கேக்கற மாதிரி நடத்தறீங்களே!"

கோபப்பட நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஊசின்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தூக்கம் போச்சுங்க. நீங்க படுத்துட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?"

இருந்தாலும் மிச்சமிருந்த மானத்தை விட மனசில்லை.

"என்ன இருந்தாலும் கருவி என்னோடது. ஒரு மாசம் பிசகாம வேலை செஞ்சுதா இல்லையா?"

"செஞ்சுது. நடுவுல பேட்டரி தீர்ந்தப்ப புதுசு போட்டது நான். இல்லாட்டி எல்லா டப்பாவும் சர்க்கரைன்னு மறுபடி சலவைச் சோடாவைக் குடிச்சிருப்பீங்க."