வால்தெகாப்ராவில் கதவு திறந்த நாள்

சாவி பூட்டுக்குள் போனது. திரும்பவில்லை.

காசில்தா அதை வெளியே இழுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியில் துடைத்தாள். மறுபடி நுழைத்தாள். முழங்கை நீளத்துக்கு இருந்த இரும்புச் சாவி, முனகக்கூட இல்லை.

தேவாலயக் கதவில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘சாவி எதிர்க்கடையில்.’ எதிர்க்கடை காசில்தாவுடையது. காப்பி, வைன், உருளைக்கிழங்கு ஆம்லெட்.

"என்ன மதினி, துருவா?" என்றாள் பெனிதா. காசில்தாவின் நாத்தனார். கடைக்கு ஒத்தாசை செய்ய வருவாள். ஒத்தாசை பெரும்பாலும் வாயால்தான்.

"துரு இல்ல. பிடியில செம்புக்கம்பி சுத்தியிருக்கு பாரு. நம்ம சாவில ஏது செம்புக்கம்பி?"

"அப்ப இது யாரு சாவி?"

"தெரியல. போன மாசம் புருக்துவோசோ தாத்தாவை எடுத்தப்போ சாமியார்தான் திறந்தாரு, அவரேதான் பூட்டிக் கொடுத்தாரு. மாத்திக் கொடுத்துட்டுப் போயிட்டாரு."

சாமியார் தொன் பிளாஸுக்குப் பதினான்கு ஊர், பதினான்கு தேவாலயம், ஒரே கார். சாவிகள் அந்தக் காரின் பின் இருக்கையில் உருளும்.

"ஒரு மாசமாவா நீ பார்க்கல?"

"யாராவது செத்தாத்தானே கோயிலைத் திறக்கிறோம்? இந்த மாசம் ஒருத்தரும் சாகல."

"அதுக்கு யாரைக் குத்தம் சொல்ல?" என்றாள் பெனிதா.

காசில்தா சிரிக்கவில்லை. மதியத்துக்குள் சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள்.

தலைநகரத்துச் சைக்கிள் சங்கம் ஒன்று ‘வரலாற்றுக் கிராமங்களின் சரளைப் பாதை’ என்று ஒரு வழி வகுத்துக்கொண்டிருந்தது. ஆட்டுமந்தைகள் போன பழைய மண்பாதைகளில், ஊர் ஊராக. பைன் காட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று வால்தெகாப்ராவுக்கு. மற்றொன்று அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் தொர்ரேசெக்காவுக்கு. இரண்டில் ஒன்றுதான் வரைபடத்தில் ஏறும். இன்று நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். நாளை அச்சுக்குப் போகிறது.

வரைபடத்தில் ஏறினால் கடை பிழைக்கும். சைக்கிள்காரன் ஓட்டியதற்கெல்லாம் சேர்த்துத் தின்கிறவன். ஏறாவிட்டால் இலையுதிர் காலத்தோடு கடையை மூடிவிட்டு வயதோலித் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்கு ஒரு சோபா கட்டில் தயாராக இருக்கிறது. மருமகளின் ஓட்டப் பயிற்சி எந்திரத்துக்குப் பக்கத்தில். மருமகள் விடிகாலையில் ஓடுவாள். காசில்தா ஈஸ்டருக்குப் போயிருந்தபோது, தங்கிய நாளெல்லாம் யாரோ தன்னைத் துரத்துவதாகவே கனவு கண்டாள்.

மேயர் எவேலியோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தான். அவளுடைய சித்தப்பா மகன். நிலைமையைக் கேட்டதும் தலையில் கைவைத்தான்.

"வரலாற்றுக் கிராமம்னு பேரு வச்சுக்கிட்டு வர்றாங்க. வரலாறு பூராவும் உள்ள இருக்கு. வெளியே இருக்கிறது நம்ம மூஞ்சிதான்."

உள்ளே ஒரு தூணின் தலையில் கழுதை ஒன்று யாழ் வாசித்துக்கொண்டிருந்தது. எண்ணூறு வருடமாக. கல்லில் அப்படி ஒரு வேலைப்பாடு அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

"தொர்ரேசெக்காக்காரன்கிட்ட என்ன இருக்கு? சுண்ணாம்புல செஞ்ச ஒரு அந்தோணியார்," என்றான் எவேலியோ. "கழுதையைக் காட்டிட்டோம்னா நாமதான்."

"கதவை உடைச்சிருங்க தலைவரே," என்றாள் பெனிதா.

"பாரம்பரியக் கதவு. ஒரு ஆணி அடிச்சாலே எம்மேல கேஸு. தீப்பிடிச்சாத்தான் உடைக்கலாம், சட்டம் அப்படி."

"அப்ப நெருப்பு வைங்க."

"இவளைக் கூட்டிக்கிட்டு கடைக்குள்ள போ, காசில்தா."

காசில்தா கடைக்குள் போய்ச் சாமியாருக்குப் போன் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை. எந்த ஊர்ப் பூசையில் நின்றாரோ, எடுக்கவில்லை. "சாமி, கோயிலைத் திறக்கணும், சாவி மாறிப்போச்சு, உடனே கூப்பிடுங்க," என்று குரல் பதிவு செய்தாள்.

திரும்பி வந்தபோது எவேலியோ பூட்டில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய எண்ணெய். நல்ல எண்ணெய்.

"எல்லாப் பூட்டும் ஒரே ஆசாரி செஞ்சதுதான். கொஞ்சம் அழுத்தினா திரும்பும்."

கொஞ்சம் அழுத்தினான். திரும்பவில்லை. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு. பிறகு அவ்வளவு செல்லமில்லாத ஒரு தட்டு.

செம்புக்கம்பி சுற்றிய பாதி அவன் கையோடு வந்தது. மற்றப் பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

பெனிதா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

"எந்த ஊருச் சாவியோ," என்றாள் பெனிதா கடைசியில். "பாவம், நல்லா உழைச்ச சாவி."

எவேலியோ பாதிச் சாவியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். முகப்புச் சுவரின் உச்சியில் இரண்டு வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு மணி. மணிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதிலிருந்து உள்ளே இறங்கப் படிக்கட்டு உண்டு. சுவரின் மேல் நாரை கூடு கட்டியிருந்தது.

"ஏணி எடு."

"எவேலியோ, உன் வயித்துக்கு அந்தக் கதவு பத்தாது."

"சின்ன வயசுல எத்தனை தடவை நுழைஞ்சிருக்கேன்!"

"அப்ப வயிறு வேற."

அவன் ஏறினான். காசில்தா ஏணியைப் பிடித்தாள். பெனிதா காசில்தாவைப் பிடித்துக்கொண்டாள், எதற்கென்று தெரியாமல். மேலே எவேலியோ வளைவுக்குள் காலை வைத்தான். குனிந்து சின்னக் கதவுக்குள் தலையை விட்டான், தோளை விட்டான். அதோடு நின்றுவிட்டான்.

கூட்டில் குஞ்சு இருந்தது. தாய் நாரைக்கு, ஒரு மேயரின் பின்பாகம் தன் வீட்டருகே நீட்டிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. கொத்தியது.

எவேலியோ உதைத்தான். உதை பெரிய மணியில் பட்டது. நாரை மறுபடி கொத்தியது. அவன் மறுபடி உதைத்தான். நாரை விடவில்லை. மணியும் விடவில்லை.

"ஐயோ, நிறுத்தச் சொல்லு!" என்றாள் காசில்தா.

"யாரை? நாரையையா?"

அந்தப் பக்கத்தில் பூசைக்கு மணி நிதானமாக அடிக்கும். சாவுக்கு இன்னும் நிதானமாக. இடைவிடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான். தீ. கோதுமை முற்றிக் காய்ந்து நின்ற ஜூன் மாதம். சுற்றுவட்டாரத்தில் அந்த மணியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

முதலில் வந்தது தொர்ரேசெக்காவின் தண்ணீர் வண்டி. டிராக்டரை ஓட்டி வந்தவர் அந்த ஊர் மேயர் கௌதென்சியோ. பின்னால் இன்னும் நான்கு டிராக்டர்கள், புழுதி, மண்வெட்டிகள், நனைத்த சாக்குகள்.

"எங்கே எரியுது?"

"எரியல அண்ணே! ஒண்ணும் எரியல!" என்று காசில்தா கத்தினாள். மணிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையை மேல் நோக்கி நீட்டினாள்.

கௌதென்சியோ மேலே பார்த்தார். இரண்டு கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. தலை உள்ளே.

"உள்ளதான் எரியுது! ஆள் மாட்டிக்கிட்டான்! சங்கிலியைப் போடுங்கடா!"

கதவின் வளையங்களில் சங்கிலி கோத்தார்கள். டிராக்டர் ஒரு முறை உறுமியது. நானூறு வருடக் கதவு கீல்களோடு, தகரப் பலகையோடு, உள்ளே சிக்கிய பாதிச் சாவியோடு சதுக்கத்தில் வந்து படுத்தது. தண்ணீர்க் குழாயை உள்ளே நீட்டி ஒரு வண்டித் தண்ணீரையும் அடித்தார்கள். எதன் மேல் என்று யாரும் கேட்கவில்லை.

எவேலியோவைப் பின்னாலிருந்து இழுத்து இறக்கினார்கள். சட்டையில் இஸ்திரி போயிருந்தது. சட்டையும் பாதி போயிருந்தது. கால்சட்டைப் பையிலிருந்து ஏதோ கணீரென்று தரையில் விழுந்தது.

கௌதென்சியோ குனிந்து எடுத்தார்.

"இந்தச் செம்புக்கம்பி எங்க அப்பா சுத்தினது. எங்க கோயில் சாவியை ஒரு மாசமாத் தேடிக்கிட்டிருக்கோம். யோவ் எவேலியோ, இதோட மிச்சம் எங்கய்யா?"

எவேலியோ, தரையில் கிடந்த கதவைக் காட்டினான்.

அந்த நேரத்தில்தான் சைக்கிள்கள் வந்தன. இருபது பேர் இருக்கும். புழுதி படிந்த முகங்கள், இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்த கால்சட்டைகள். முன்னால் வந்தவள் மைத்தே. பாதை வகுக்கிறவள் அவள்தான்.

காசில்தா தலைமயிரைக் கோதிக்கொண்டு முன்னே போனாள்.

"வாங்கம்மா. கோயில் திறந்திருக்கு."

மைத்தே திறந்திருந்த இடத்தைப் பார்த்தாள். படுத்திருந்த கதவையும் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

உள்ளே இருட்டு, குளிர்ச்சி, கணுக்கால் தண்ணீர். வெயிலில் வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? காலணியைக் கழற்றினார்கள். ஒருவன் பீடத்துப் படியில் மல்லாந்து படுத்துக் கழுதையைப் படம் எடுத்தான். இரண்டு பெண்கள் யாழின் நரம்புகளை எண்ணினார்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாமல் மறுபடி எண்ணினார்கள்.

மைத்தே வாசலில் நின்று விசில் ஊதினாள்.

"பத்து நிமிஷம்னு சொன்னேன்ல!"

"விடுங்கம்மா, நல்லாப் பார்க்கட்டும்," என்றாள் காசில்தா.

"அழகான கோயில்," என்றாள் மைத்தே. பல்வலிக்காரி போலச் சொன்னாள். "எப்பவுமே இப்படித் திறந்திருக்குமா?"

"இனிமே எப்பவுமே," என்றான் எவேலியோ, கிழிந்த சட்டையை இழுத்து மூடிக்கொண்டு. "ராப்பகலா. பூட்டணும்னாலும் முடியாது."

மைத்தே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

பொண்ணு உருகிட்டா, என்று காசில்தா நினைத்தாள். கழுதைன்னா சும்மாவா?

சதுக்கத்தின் நடுவில் கௌதென்சியோ பாதிச் சாவியைக் கையில் ஏந்திப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க கோயிலை இனி எப்படித் திறப்பேன்? பூட்டை மாத்தணும்னா ஆயர்கிட்ட எழுத்து வாங்கணும். ஒரு ஓடு மாத்தக் கேட்டதுக்கே மூணு வருஷம் இழுத்தாங்க!"

மைத்தே திரும்பினாள்.

"ஐயா, நீங்க எந்த ஊர்?"

"தொர்ரேசெக்கா."

"கோயிலைத் திறக்க வழியே இல்லையா?"

"வழியே இல்லம்மா."

"ஜன்னல் வழியாக்கூட?"

"ஜன்னலா? எலிகூட நுழைய முடியாது."

மைத்தே அவர் தோளில் கைவைத்தாள். "குடிக்கத் தண்ணிக் குழாய் இருக்குல்ல? வாங்க, உட்கார்ந்து பேசுவோம்." வரைபடத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரைக் கல் இருக்கைக்கு அழைத்துப்போனாள்.

"பாரு பெனிதா, எவ்வளவு நல்ல மனசு," என்றாள் காசில்தா. "போட்டிக்காரன்னு பார்க்காம ஆறுதல் சொல்றா."

"ஆறுதலுக்கு எதுக்கு மதினி பேனா?"

காசில்தா காதில் வாங்கவில்லை. அடுப்பில் மூன்றாவது ஆம்லெட் இருந்தது. வயதோலித்துச் சோபாவை மகனே வைத்துக்கொள்ளட்டும். அந்த எந்திரத்தில் மருமகள் எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும். வால்தெகாப்ரா வரைபடத்தில் ஏறிவிட்டது. ஆம்லெட்டைத் தட்டில் கவிழ்த்தபோது போன் அடித்தது. சாமியார். பின்னணியில் எந்த ஊர்க் கதவையோ பூட்டும் சத்தம்.

"இப்பத்தான் உன் குரலைக் கேட்டேன், காசில்தா. சாவி மாறினது நல்லதாப் போச்சு, அந்தக் கதவு இன்னைக்குத் திறக்கவே வேண்டாம். ‘போற ஊர்லெல்லாம் கோயிலுக்குள்ள போன ஆளுங்க வெளியே வர மாட்டேங்கிறாங்க சாமி, எப்பவும் பூட்டியே கிடக்கிற கோயிலா ஒரு ஊரு சொல்லுங்க’ன்னு அந்தச் சைக்கிள் பொண்ணு கெஞ்சிக் கேட்டுச்சு, நான்தான் உங்க ஊரைச் சொல்லி அனுப்பினேன்!"