பாச்சா உருண்டையும் ஒரு ஆங்கில லிஸ்ட்டும்

கொடைக்கானலில் குளிரைவிட அதிகம் பேரை நடுங்க வைத்தவர் பாச்சா உருண்டைதான். ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்க மூட்டைக்கு இரண்டு கை பாச்சா உருண்டை போடுவார். அவர் தெருமுனை திரும்பும்போதே எங்கள் மூக்குக்குத் தகவல் வந்துவிடும்.

கோபம் சிலருக்கு மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு அது இரண்டடி முன்னால் நடந்து போகும். "இது ஒரிஜினல் கம்பளிதானா?" என்று கேட்ட டூரிஸ்ட்டிடம், "ஆட்டக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லட்டுமா?" என்று ஸ்வெட்டரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். மத்தியானம் மஞ்சு இறங்கி ஏரியை மூடினால் அதையும் விடமாட்டார். "யாவார நேரத்துல வந்து மறைக்குது பாரு, சோலி இல்லாத மஞ்சு!"

நான் அப்போது அங்கே தபால் ஆபீஸில் கிளார்க். என்னை 'தபாலு' என்பார். பக்கத்து வீடு. எங்களுக்குப் பையன் பிறந்ததிலிருந்து, தினமும் கடையைச் சாத்திவிட்டு நேரே வந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொள்வார். அந்த அரைமணி நேரம்தான் அவர் யாரையும் திட்டாத நேரம்.

பிரசவம் மலைக்குக் கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பையனின் குதிகாலில் ஊசியால் குத்தி, அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து போன் வந்தது. "ரிசல்ட் வந்திருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் வாங்க." என்ன ரிசல்ட் என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள். மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் என் மனைவி செல்வி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

அங்கே போனால் கவுண்டரிலிருந்து ஒரு பெண், "ஜி சிக்ஸ் பி டி பேபி யாரு?" என்று கூவினாள். என் பிள்ளைக்கு நாங்கள் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அவர்கள் வைத்துவிட்டார்கள். டாக்டர் தலை நிமிராமல் சொன்னார். "ரத்தத்துல ஒரு என்சைம் கம்மி. ஜெனடிக். அம்மா வழியா வர்றது. இந்த லிஸ்ட்ல உள்ளது எதுவும் ஆகாது, பட்டா ரத்தம் உடையும். நெக்ஸ்ட்!"

ரத்தம் உடையும் என்றால் என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்தவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பார்சலைக் கொடுப்பதற்குக்கூட நாங்கள் ஆள் பார்த்து, பெயர் கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் கொடுப்போம். செல்வி காதில் விழுந்தது 'அம்மா வழியா' மட்டும். ஊர் வந்து சேரும் வரை அழுதாள்.

லிஸ்ட் முழுக்க இங்கிலீஷ். மருந்துப் பெயர்கள், ஏதோ ஒரு பீன்ஸ், கடைசியில் 'நாப்தலின் பால்ஸ்'. பால்ஸ் என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, பிறந்த குழந்தைக்குப் பந்து எதற்கு என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினேன். படம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. வெள்ளை வெளேரென்று உருண்டைகள்.

வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் பாச்சா உருண்டை என் மகனை மார்பில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, புள்ளையக் கீழ வைங்க! தொடாதீங்க!"

"ஏலே தபாலு, என்னலே சொன்ன? எம்மேல நாறுதுன்னு சொல்றியா?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அந்த உருண்டையின் வாடை பட்டாலே இவன் ரத்த அணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை முற்றும், உயிருக்கே ஆபத்து என்று. அவர் குழந்தையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"இத ஒனக்குத் தமிழ்ல யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டார். லீவு சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கை உருண்டையை மேஜையில் கொட்டினார். அவை உருண்டு நாலாபக்கமும் ஓடின.

"இதுக்குப் பேரு என்னங்க? தமிழ்ல சொல்லுங்க!"

"யாருய்யா நீ?"

"நீங்க சீட்டுக் குடுத்த பொறவும் ரெண்டு நாளா அந்தப் பச்சப்புள்ளையக் கொல்லப் பாத்தவன்! நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா?"

வாட்ச்மேன் இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியிலும் வரிசையில் இருந்த தாய்மார்களிடம், "ஏத்தா, இங்கிலீசுல சீட்டுக் குடுத்தா வாங்கிட்டுப் போயிராதீங்க. உக்காந்து கேளுங்க!" என்று கத்திக்கொண்டே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், வாட்ச்மேன் அவரை ரொம்ப மெதுவாகத்தான் இழுத்தான்.

திரும்பி வந்ததும் கடையிலிருந்த உருண்டை மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தார். தெருவில் வீடு வீடாகப் போய் மோப்பம் பிடித்தார். "யாரு பீரோவுல வச்சிருக்கீங்க? வெரசா எடுங்க!" எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. தினமும் கேட்டுக்கு வெளியே நின்று, "புள்ளைக்குக் கண்ணு வெள்ளையா இருக்கா?" என்று கேட்பார். வெள்ளைதான் என்று சொன்னால்தான் நகர்வார்.

ஒருநாள் செல்வி 'அம்மா வழியா' என்று மறுபடி அழ, கேட்டுக்கு வெளியிலிருந்தே சீறினார். "மூக்கும் முழியும் ஒன்ன மாதிரித்தான் இருக்கு. அதுவும் ஒன் வழியாத்தான் வந்துச்சு. அதுக்கு எவனாச்சும் லிஸ்ட் குடுத்தானா?" பிரசவத்துக்குப் பிறகு செல்வி சிரித்தது அப்போதுதான்.

உருண்டை போன கடையில் பூச்சி புகுந்தது. அந்த சீசனுக்கு வாங்கி வைத்த சரக்கில் பாதி சல்லடையாகிவிட்டது. பையனின் முதல் பிறந்தநாளன்று ஒரு சின்ன நீல ஸ்வெட்டரை கேட்டுக்கு மேலே நீட்டினார். மூன்று தடவை துவைத்து, ஒரு வாரம் வெயிலில் போட்டதாம்.

"அண்ணே, ஓட்டையா இருக்கே?"

"ஓட்டையப் பாக்காத. மோந்து பாரு!"

மோந்து பார்த்தேன். வெயில் வாசனை மட்டும்தான் இருந்தது. "உள்ள வாங்கண்ணே" என்று கேட்டைத் திறந்து, என் மகனை அவர் கையில் கொடுத்தேன். அந்த மகா கோபக்காரர் யாரையும் திட்டாமல் அழுதுகொண்டிருந்தார்.