சுவாமியைத் தூங்கவைத்த தீர்த்தம்

உப்புவெளியில் பேய்களுக்குக் கெட்ட காலம். கடல்நாதச் சுவாமி என்ற சாமியாரின் தீர்த்தம் ஒரு மடக்குப் போதுமாம். காதுக்குள் கதைக்கிற பேய் வாயை மூடிக்கொள்ளுமாம். முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்தும் வாடகை வான் பிடித்து வந்தார்கள். ஏமாறுவதில் சனத்துக்கு மதபேதம் கிடையாது.

தங்கரத்தினமும் மகன் யதுர்சனைக் கூட்டிவந்தாள். ஆளில்லாத அறையில் குரல்கள் அவனைத் திட்டின. கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் மனச்சிதைவு நோய் என்று சொல்லிக் குளிசை மாத்திரைகள் கொடுத்தார்கள். "பேய்க்குக் குளிசையோ?" என்று தாய் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மூன்று கிழமை தீர்த்தம் குடிக்க, குரல்கள் அடங்கின! ஆனால் கை நடுங்கியது. கழுத்து ஒருபக்கமாக இழுத்தது.

"பேய் போற வழி அது," என்றார் சுவாமி.

யதுர்சனின் அக்கா சிவாஜினிக்கு மருந்துக்கடையில் வேலை. பேய் கழுத்தால் போவதாக அவள் படிக்கவில்லை. சில குளிசைகள் அளவு மிஞ்சினால் கழுத்து இழுக்கும் என்று படித்திருந்தாள். தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே சுவாமியிடம் போனாள்.

"சுவாமி, தீர்த்தம் ஆருக்கும் கெடுதல் செய்யாதோ?"

"குழந்தையும் குடிக்கலாம், பிள்ளை."

"அப்ப நீங்கள் ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்கோ."

"எனக்குப் பேய் இல்லையே!"

"பேய் இல்லாட்டி வெறும் தண்ணிதானே? குடியுங்கோவன்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சுவாமி குடித்தார். அரைமணி நேரத்தில் நாக்குத் தடித்தது, மந்திரம் குழறியது. பிறகு குறட்டை. சிவாஜினி சுவாமி இருந்த பீடத்துத் துணியைத் தூக்கினாள். உள்ளே குளிசை உரித்தெடுத்த வெற்று மட்டைகள், குவியலாக! சுவாமியை அம்புலன்ஸ் கொண்டுபோனது. கண் விழித்தபோது பக்கத்தில் பொலிஸ் நின்றது.

தங்கரத்தினம் திகைத்துப்போனாள். "அப்ப இவர் தந்தது டொக்டர் தாற மருந்தோ?"

"ஓம் அம்மா," என்றாள் சிவாஜினி. "மூளைக்குள்ள செய்தி கொண்டுபோக டோபமைன் எண்டொரு சாமான் இருக்கு. அது ஓரிடத்தில மிஞ்சினால், இல்லாத குரலும் உண்மையாக் கேக்கும். அது தட்டுற கதவைக் குளிசை மறிச்சு நிக்கும். குரல் மெல்ல மெல்ல அடங்கும். அளவு மிஞ்சினால் கைகால் அசைக்கிற இடத்துக் கதவையும் மறிச்சுப்போடும். டொக்டர் அளந்து, காசில்லாமல் தந்தவர். இவர் அளக்காமல் காணிக்கைக்குத் தந்தவர்."

தாய் அன்றே அலுமாரியைத் திறந்தாள். யதுர்சன் இப்போது டொக்டர் சொன்ன அளவில் குளிசை போடுகிறான், கழுத்து நிமிர்ந்துவிட்டது, சைக்கிளில் வேலைக்கும் போகிறான்.

பக்தர்களோ, சுவாமி தூங்கவில்லை, சமாதியில் இருந்தார் என்கிறார்கள்.

நோயுற்ற மூளைக்குக் குளிசை வந்துவிட்டது. நல்ல மூளையை வைத்துக்கொண்டு யோசிக்க மறுப்பவர்களுக்குத்தான் இன்னும் வரவில்லை.