ஆருக்கும் சொல்லாதேங்கோ

"மந்திரியார் வீட்டிலே நிக்கிறாரோ?"

தொலைபேசியில் முருகேசு அண்ணையின் குரலைக் கேட்டதும், உமாபதி வாயில் வைத்த இடியப்பம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எந்த மந்திரி அண்ணை?"

"சும்மா விடும் தம்பி. மீன்பிடி மந்திரி. கரையோரமும் உம்மட்டைத்தானாம். எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

தெரிந்திருக்கவே கூடாது. முதலமைச்சராகப் போகும் பிரோடர்சன் அம்மையார் உமாபதியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெர்மனியின் வடக்கே, கடலைப் பார்த்தபடி கிடக்கும் அந்தச் சின்ன மாநிலத்தில் தேர்தல் முடிந்துவிட்டது, கூட்டணிப் பேச்சும் முடிந்துவிட்டது. யாருக்கு எந்த அமைச்சு என்பது மட்டும்தான் பாக்கி.

"கரையோரப் பாதுகாப்பும் மீன்வளமும் உங்களுக்கு என்று நினைத்திருக்கிறேன்" என்றார் அம்மையார். "திங்கட்கிழமை அறிவிப்பேன். அதற்கு முன் எந்தப் பத்திரிகையிலாவது உங்கள் பெயரைப் பார்த்தேனோ, வேறு ஆளைத் தேடிக்கொள்வேன்." சொன்ன கையோடு வைத்தும்விட்டார்.

உமாபதி இரண்டு தவணையாக மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். படித்தது நீர்ப்பொறியியல். சபையில் அவர் பேசியதெல்லாம் கடலணைகளின் உயரம், இறால் படகுகள், புயல் வெள்ளம். ஆனாலும் யாராவது எழுந்து 'அகதிகள்' என்று ஆரம்பித்தால் போதும், சபையில் உள்ள அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பும். இந்த முறையும் குடிவரவு, ஒருங்கிணைப்பு என்று எதையாவது தன் தலையில் கட்டிவிடுவார்கள் என்றே அவர் பயந்திருந்தார். கடைசியில் கடலே கிடைத்திருக்கிறது. அது சாப்பாடு முடிவதற்குள் கைவிட்டுப் போவதா?

விஷயம் தெரிந்த மற்ற ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து சம்பலைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். உமாபதி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"தேனு, ஆருக்குச் சொன்னனீ?"

"நான் ஆருக்கும் சொல்லேல்லை" என்றாள் தேனுஜா. "போனைக்கூடத் தொடேல்லை. உங்களுக்கு முன்னாலேதானே இருக்கிறன்."

"அப்ப முருகேசு அண்ணைக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர் தமிழ்ச் சங்கத் தலைவர். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

உமாபதி குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, தயவு செய்து கேளுங்கோ. இது வெளியிலே வந்துதெண்டால் எனக்குப் பதவி இல்லை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு மனைவியைக் கூப்பிட்டு ஒரு கூச்சல். "கமலநாயகி! உண்மைதானாம்!"

அப்போதுதான் உமாபதிக்குத் தான் செய்த காரியம் விளங்கியது.

"பயப்பிடாதேயும் தம்பி. ஆனா சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்திட்டன். சமையலுக்கும் சொல்லியாச்சு. இனி விட ஏலாது. மண்டபக்காரன் என்ன விசேஷம் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

உமாபதி யோசித்தார். அவசரத்தில் யோசித்தார்.

"பிறந்தநாள் எண்டு சொல்லுங்கோ."

"ஆற்ரை?"

"என்ரை."

"எத்தினையாவது?"

உமாபதிக்கு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டுக்கு யாராவது மண்டபம் எடுப்பார்களா? "ஐம்பது" என்றார்.

"நல்லது. நான் ஆரிட்டையும் வாய் திறக்கமாட்டன். சொல்லுற ஆக்களுக்கும் 'ஆருக்கும் சொல்லாதேங்கோ' எண்டு சொல்லித்தான் சொல்லுவன்."

மறுநாள் உமாபதி தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனார். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று சொல்லி ஒரு கண்ணைச் சிமிட்டினார். வரிசையில் நின்ற அக்கா ஒருத்தி இரண்டு கண்களையும் சிமிட்டினார். கோயில் ஐயர் வழியில் காரை நிறுத்தி, "ஐம்பதுக்குப் பிறகு மீன் விலை குறையுமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அடித்தது. லிசா. உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர். கடலணையில் ஒரு முயல் வளை தோண்டினாலும் செய்தியாக்கிவிடுகிறவள்.

"திரு. உமாபதி, உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பேனர் அடிக்கிறார்களாமே. ஆனால் பாராளுமன்ற இணையப் பக்கத்தில் உங்களுக்கு நாற்பத்தெட்டு என்று இருக்கிறது. அதுவும் ஜனவரி முதலாம் திகதி. இப்போது ஜூன் மாதம்."

உமாபதி உண்மையில் பிறந்தது ஆனி மாதத்தில்தான். ஜெர்மனிக்கு வந்த புதிதில் மொழி தெரியாமல் அவருடைய அப்பா எல்லாக் கேள்விக்கும் தலையாட்டியதில் ஜனவரி ஒன்று என்று பதிவாகிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் கதை இதுதான். ஆனால் அதை லிசாவிடம் சொன்னால் நாளைக்கே 'இரண்டு பிறந்தநாள் கொண்ட உறுப்பினர்' என்று கொட்டை எழுத்தில் வரும். பிரோடர்சன் அம்மையார் காலை உணவோடு அதை வாசிப்பார்.

"என்னுடையது இல்லை" என்றார். "என் மனைவியுடையது."

"ஐம்பதா?"

"ஐம்பது."

"எவ்வளவு அழகான விஷயம்! சின்னதாக ஒரு செய்தி போட்டுவிடுகிறேன்."

அடுத்த நாள் மாலை தேனுஜா பள்ளியிலிருந்து திரும்பியபோது அவள் முகம் தெரியவில்லை. கை நிறைய அவ்வளவு பூ. அவள் தொழிற்கல்விப் பள்ளியில் ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று. பூங்கொத்தை மேசையில் போட்டாள். அதன் பக்கத்தில் நடைப்பயிற்சிக்கான இரண்டு ஊன்றுகோல்களை வைத்தாள்.

"இது என்ன?" என்றார் உமாபதி.

"என்ரை பள்ளிக்கூடத்து ஆக்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தவை. இந்த வயசிலே முழங்காலைக் கவனிக்க வேணுமாம்."

"தேனு..."

"'ஐம்பது எண்டு பார்த்தாத் தெரியவே இல்லை' எண்டு அதிபர் சொல்லுறார். நன்றி எண்டு சொல்லிட்டு நிக்கிறன். இஞ்சாருங்கோ, ஆருக்கும் சொல்லேல்லை எண்டு சத்தியம் பண்ணினன், நம்பேல்லை. சரி. அதுக்கு ஏழு வயசைத் தூக்கித் தலையிலே போடுறதோ?"

"பத்திரிகையை ஏமாத்த வேற வழி தெரியேல்லையடி. நீ ஆரிட்டையோ வாய் விடப் போய்த்தானே..."

தேனுஜா ஒரு ஊன்றுகோலைக் கையில் எடுத்தாள். உமாபதி பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளில் பெயர்கள் கசிந்துகொண்டிருந்தன. நிதிக்கு இன்னார், கல்விக்கு இன்னார், காவல்துறைக்கு இன்னார். உமாபதி ஒவ்வொரு காலையும் முதல் வேலையாகப் பக்கங்களைப் புரட்டினார். இன்றைக்கு மீன் வந்திருக்கும், நாளைக்கு வந்திருக்கும் என்று பயந்தார். எதிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மையாரே அழைத்தார்.

"உங்கள் மனைவிக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்று வாசித்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நாளைக்கு நானும் வருகிறேன்."

"நீங்களா? உங்களுக்கு எவ்வளவு வேலை..."

"ஒரு மணி நேரம்தான். உங்களிடம் நேரில் பேசவும் வேண்டியிருக்கிறது."

'நேரில் பேச வேண்டும்' என்றால், விஷயம் கசிந்தது தெரிந்துவிட்டதோ என்று உமாபதி நினைத்தார். உடனே முருகேசு அண்ணையைப் பிடித்தார்.

"அண்ணை, மந்திரி எண்டு ஒரு எழுத்தும் மண்டபத்துக்குள்ள இருக்கப்படாது. முதலமைச்சர் வாறா!"

"ஆர், எங்கட விழாவுக்கோ?" முருகேசு அண்ணைக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "பேனரை மாத்தியாச்சு தம்பி. இப்ப அதிலே தேனுஜாவின்ரை படம். கேக்தான்..."

"கேக்கிலே என்ன?"

"கமலநாயகி தன்ரை கையாலே எழுதினது. 'கடலாளும் மாண்புமிகு மந்திரியாருக்கு வாழ்த்துகள்.' இனி அழிச்சா அசிங்கமாப் போயிடும். தமிழ்தானே, அவவுக்கு என்ன விளங்கப் போகுது?"

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பக்கத்து நகரங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மேடையில் தேனுஜா பட்டுச்சேலையில் சிரித்தபடி இருந்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் உமாபதிக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய தலைக்கு மேலே ஐம்பது என்ற எண் ஆளுயரத்தில் மினுங்கியது.

பிரோடர்சன் அம்மையார் உள்ளே வந்தார். நெடிய உருவம், உரத்த குரல். பின்னால் அவருடைய கார் ஓட்டுநர் பூச்சட்டியைச் சுமந்து வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழர், பெயர் கவிஷன். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழரை முதலமைச்சரோடு பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அம்மையார் நேரே கேக்கிடம் போனார்.

"என்ன அழகான எழுத்து! என்ன எழுதியிருக்கிறது?"

"பிறந்தநாள் வாழ்த்து" என்றார் கமலநாயகி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"மூன்று வரியிலா?"

"எங்கள் வாழ்த்து கொஞ்சம் நீளம்."

அம்மையார் சிரித்துக்கொண்டே திரும்பினார். "கவிஷன், உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே. வாசித்துச் சொல்லுங்கள்."

மண்டபத்தில் பேச்சு நின்றது. வடை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. உமாபதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தவணை, எத்தனை கடலணைகள், எத்தனை குளிர் காற்று. எல்லாம் ஒரு வெண்ணெய்க் கேக்கின் மேல் முடியப் போகிறது.

கவிஷன் குனிந்து நிதானமாக வாசித்தார். நிமிர்ந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"'அரை நூற்றாண்டு கண்ட எங்கள் அன்புத் தாய்க்குப் பல்லாண்டு' என்று எழுதியிருக்கிறது, மேடம்."

மண்டபம் மூச்சு விட்டது. அரை நூற்றாண்டு கண்ட தாய் எழுந்து வந்து, கத்தியை எடுத்து, 'மந்திரி' என்ற சொல்லின் நடுவிலே ஒரே வெட்டு வெட்டினாள்.

அம்மையார் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"நண்பர்களே, இன்றைக்கு நான் இன்னொரு காரணத்துக்காகவும் வந்தேன். இந்த வாரம் என் அமைச்சர்கள் ஒவ்வொருவரிடமும் ரகசியம் காக்கச் சொன்னேன். எல்லாப் பெயரும் பத்திரிகைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பெயர் மட்டும் போகவில்லை. வாயைப் பூட்டத் தெரிந்த ஒரு மனிதர் என் அமைச்சரவையில் இருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை. உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். திங்கட்கிழமை முதல் திரு. உமாபதி எங்கள் கரையோர, மீன்வள அமைச்சர்!"

"ஆஆ!" என்றது மண்டபம் ஒரே குரலில்.

முருகேசு அண்ணை நெஞ்சில் கையை வைத்துக் கதிரையில் சரிந்தார். கோயில் ஐயர் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்தார். கமலநாயகி அழுதேவிட்டார். யாரோ மேசைக்குக் கீழே கையை விட்டு, ஆள் உயர ரோஜா மாலையை எடுத்து உமாபதியின் கழுத்தில் போட்டார்கள்.

"என்ன வேகம்!" என்று வியந்தார் அம்மையார்.

உமாபதியின் கண்கள் நிறைந்துவிட்டன. இத்தனை பேர் தனக்காக வாயைப் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். மாலையோடு குனிந்து கும்பிட்டார்.

வழியனுப்ப உமாபதியும் தேனுஜாவும் கார் வரைக்கும் வந்தார்கள். அம்மையார் இரண்டு துண்டு கேக்கோடு பின் இருக்கையில் ஏறினார்.

"பத்திரிகைக்காரர்களின் தொல்லைக்குப் பயந்து நான் அலுவலகத்தில்கூட யாருடைய பெயரையும் உச்சரிக்கவில்லை" என்றார். "முழு அமைச்சரவையையும் இந்தக் காருக்குள் இருந்து தொலைபேசியில்தான் பேசி முடித்தேன். பாதுகாப்பான இடம்."

கவிஷன் கதவைச் சாத்தினார். உமாபதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உதவி தம்பி. இவள் ஒருத்தி வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமே வந்திருக்காது."

தேனுஜா பல்லைக் கடித்தாள். கவிஷன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டு, தமிழில், மெல்லக் குனிந்து சொன்னார்.

"அக்காவைப் பேசாதேங்கோ அண்ணை; காருக்குள்ள இருக்கிற மனுசி உங்களுக்குப் போன் எடுக்க முதலே கமலநாயகி மாமிக்கு நான் எடுத்துச் சொல்லிட்டன்."